வீட்டில் குறுக்குவில்: நாண் ஏற்றியது முதல் இறக்கியது வரை

குறுக்குவில் என்பது துப்பாக்கி மாதிரி ஒரு கட்டையில் வில்லைக் குறுக்கே பொருத்தியது. அதை வாங்கியவர் முதல் நாளில் கவனிப்பதெல்லாம் அம்பு எங்கே போய்ப் படுகிறது என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வீட்டுத் தோட்டத்தில் பல வருடம் எய்து பழகி, ஆசைப்பட்டு வந்த நண்பர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகு ஒன்று புரிந்தது. குறி பார்ப்பதுதான் இதில் எளிதான வேலை. கட்டையைத் தோளில் சாய்த்து, ஸ்கோப் வழியாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் யாருக்கும் கை படிந்துவிடும். நாணை ஏற்றுவதும் ஏற்றியதை இறக்குவதும்தான் கஷ்டம். அந்த இரண்டுக்கும் நடுவே போகிற நேரம் அதைவிடக் கஷ்டம்.

சாதாரண வில்லில் நாணை இழுத்துப் பிடித்து நிற்பது உங்கள் கை. கை நடுங்க ஆரம்பித்தால் தானாகவே மெல்லத் தளர்த்தி விடுவீர்கள். குறுக்குவில்லில் நாணைப் பிடித்திருப்பது ட்ரிகருக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன உலோகக் கொக்கி. அதற்குக் கை வலிக்காது. நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனாலும், ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாலும், ஏற்றியதையே மறந்துபோனாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். வேட்டைக்கென்று செய்யப்படும் குறுக்குவில்களின் இழுவிசை பெரும்பாலும் 150 முதல் 200 பவுண்டு வரை. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 68 முதல் 90. ஒரு வளர்ந்த ஆளின் எடை, ஒரு விரல் அசைவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இங்கே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கிறது: நாண் ஏறியிருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எய்யத் தயாராக நிற்கும்போது மட்டும் ஏற்றுங்கள், ஏற்றியதும் எய்துவிடுங்கள்.

வாங்கும் முன்

உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம். பிரிட்டனில் 18 வயது ஆகாதவருக்குக் குறுக்குவில் விற்கக்கூடாது. கனடாவில் ஒற்றைக் கையால் குறிபார்த்து எய்யும் வகையும், 500 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீளமுள்ள வகையும் தடை செய்யப்பட்டவை. வாங்குவதற்கு மட்டுமல்ல, வீட்டு வளாகத்துக்குள் எய்வதற்கும் தனி விதிகள் இருக்கலாம். உள்ளூர் நிர்வாகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

எந்த வகை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வீட்டில் இலக்குப் பலகையில் எய்து பழகத்தான் என்றால், குறைந்த இழுவிசை உள்ள ரிகர்வ் வகை போதும். அதில் இரண்டு லிம்ப், அதாவது வில்லின் வளையும் இரண்டு கைகள், ஒரு நாண், அவ்வளவுதான். கேம் என்ற சக்கரங்களும் கேபிள்களும் உள்ள காம்பவுண்ட் வகை அளவில் சிறியது, வேகம் அதிகம். ஆனால் நாண் மாற்ற வேண்டும் என்றால் லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அதை வீட்டில் செய்யக்கூடாது, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். புதியவருக்கு அதிக வேகம் எந்த வகையிலும் உதவாது. வேகம் கூடினால் பின்னால் தேவைப்படும் தடுப்பும் கூடும்.

பிஸ்டல் அளவில் வரும் சின்னக் குறுக்குவில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், அதனால் குழந்தைக்குப் பரிசாக வாங்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 80 பவுண்டு இழுவிசை உள்ளவையும் அந்த அளவில் கிடைக்கின்றன. நீளமான வில்லைத் திருப்பினால் அது திரும்புவது கண்ணுக்குத் தெரியும். இந்தக் குட்டி வில்லோ மணிக்கட்டைக் கொஞ்சம் அசைத்தாலே பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடும். உடலையே மடக்கி நாண் ஏற்றும் வகைகளில் மடிப்பு மூடும் இடத்தில் விரல் நசுங்கும். லிம்பின் முனையில் நாண் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பிகளும் உடையக்கூடியவை.

இடம்

வில்லை எடுப்பதற்கு முன் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வேட்டை வகை வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு 300 அடி, அதாவது சுமார் 90 மீட்டர் வேகத்தில் போகும். அதற்கு மேலும் போகிறவை உண்டு. 20 மீட்டரைக் கடக்கக் கால் நொடி போதும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் “நில்லு” என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். எனவே யாரும் குறுக்கே வரவே முடியாத இடம்தான் வேண்டும். கதவு திறக்கும் பாதை, வீட்டின் மூலை, தோட்டத்து நடைபாதை இவையெல்லாம் இலக்குக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கக்கூடாது. வீட்டுக்குள் நீளமான கூடத்தில் எய்ய நினைத்தால், நடுவில் திறக்கும் கதவு ஒன்றுகூட இல்லையா என்று பாருங்கள். இருந்தால் அந்த யோசனையைக் கைவிடுங்கள்.

இலக்கு என்பது குறுக்குவில்லுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அடுக்கடுக்கான ஃபோம் பலகை அல்லது இறுக்கி அடைத்த பை. எவ்வளவு வேகம் வரை தாங்கும் என்று அதன் மேலேயே போட்டிருப்பார்கள். உங்கள் வில்லின் வேகம் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண வில்லுக்கான வைக்கோல் தட்டியை நம்ப வேண்டாம். அட்டைப் பெட்டி, பழைய மெத்தை, ஒட்டுப்பலகை எல்லாம் அம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. நல்ல ஃபோமும்கூட நடுவில் தொடர்ந்து அடி வாங்கினால் தளர்ந்துவிடும். ஒரு நாள் அம்பு அதைத் துளைத்துப் பின்பக்கம் வந்துவிடும். அதனால் அவ்வப்போது பலகையைத் திருப்பி வையுங்கள், குறியை ஒரே இடத்தில் வைக்காமல் மாற்றுங்கள்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இலக்கைவிட முக்கியம். நல்ல பின்தடுப்பு ஒரு மண்மேடு. கல் இல்லாத, ஆள் உயரத்துக்குக் குறையாத மண். மரவேலி பின்தடுப்பு ஆகாது, அம்பு அதை ஊடுருவும். செங்கல் சுவரில் பட்டால் அம்பு சிதறும், சில சமயம் திரும்பியும் வரும். வில்வித்தைக்கு விற்கும் வலைகள் பல குறுக்குவில் வேகத்துக்கு ஏற்றவை இல்லை. மண்மேடு வைக்க இடமில்லை, வேலிக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் உண்டு என்றால், வீட்டில் எய்வதை விட்டுவிட்டு ஒரு வில்வித்தைக் களத்தில் சேருங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் புது வில்லை எட்டு மாதம் பெட்டியிலேயே வைத்திருந்து, களம் கிடைத்த பிறகுதான் எடுத்தார். அவர் செய்தது சரி.

தொடக்கத்தில் 10 மீட்டர் தூரம் போதும். இலக்கை உங்கள் தோளுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்தால் தவறிய அம்பும் தரையை நோக்கிப் போகும். எக்காரணம் கொண்டும் மேல்நோக்கி எய்யாதீர்கள். மேலே போன அம்பு சில நூறு மீட்டர் தள்ளி எங்கோ இறங்கும். எங்கே என்று உங்களுக்குத் தெரியாது.

வில்லைச் சோதிப்பது

ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்ததும், நாண் ஏற்றுவதற்கு முன், மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து லிம்புகளின் மேலும் கீழும் மெல்லத் தடவுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே ஃபைபர் பிளந்திருக்கிறது. அந்த வில்லை அன்று ஏற்றக்கூடாது. பிறகு நாண். இழைகள் பிரிந்து மயிர் மயிராக நிற்கிறதா, நடுவில் இறுக்கிச் சுற்றியிருக்கும் நூல் தளர்ந்து இடைவெளி விட்டிருக்கிறதா, ஒரு இழையாவது அறுந்திருக்கிறதா? அறுந்திருந்தால் நாணை மாற்றாமல் எய்யாதீர்கள். “இன்னும் பத்து அம்பு தாங்கும்” என்ற பேச்சே வேண்டாம். அடுத்தது திருகுகள். லிம்பைப் பிடித்திருப்பவை, காலை வைக்கும் வளையத்தைப் பிடித்திருப்பவை, ஸ்கோப்பைப் பிடித்திருப்பவை. காம்பவுண்ட் வகையில் சக்கரங்களில் விரிசலோ, கேபிள் தடம் மாறி இருப்பதோ தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அம்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கார்பன் அம்பை இரு கைகளாலும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்து, லேசாக வளைத்துப் பாருங்கள், முறுக்கியும் பாருங்கள். ‘கிரக்’ என்ற சத்தம் வந்தால் அது முடிந்தது. உடைத்துக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது எடுத்து எய்வார்கள். உள்ளே விரிசல் விட்ட அம்பு நாணின் அடியைத் தாங்காமல் வில்லிலேயே சிதறும். அதன் சிம்புகள் ஊசி மாதிரி கையில் ஏறும்.

அம்பின் எடையும் வால்முனையின் வடிவமும் உங்கள் வில்லின் கையேட்டில் எழுதியிருக்கும். நாணில் பொருந்தும் அந்த வால்முனைக்கு நாக் என்று பெயர். தட்டையானது, பிறை வடிவம், நாணைக் கவ்விக்கொள்ளும் வடிவம் என்று பலவகை உண்டு. தவறான வகையைப் போட்டால் நாண் அம்புக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடும். எடையும் அப்படியே: பல நிறுவனங்கள் 400 கிரெயினுக்கு, அதாவது சுமார் 26 கிராமுக்குக் குறைந்த அம்பை வைக்கக்கூடாது என்கின்றன. இலேசான அம்பு வேகமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அது எடுத்துக்கொள்ளாத ஆற்றல் வில்லிலேயே தங்கி லிம்பையும் நாணையும் அடிக்கும். வீட்டில் மரக்குச்சியைச் சீவி அம்பு செய்வது கூடவே கூடாது. பழகும் காலத்தில் கூம்பு முனை மட்டும் போதும். பிளேடு வைத்த அகல முனைகளை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பேன்.

நாண் ஏற்றுவது

இங்கே நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் முதுகு பிடித்துக்கொள்வது, தாடையில் அடிபடுவது, விரல் நசுங்குவது எல்லாம் இங்கேதான்.

காலில் மூடிய, அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் ஏற்றக்கூடாது. கழுத்தில் தொங்கும் சங்கிலி, சட்டையின் நாடா, நீளமான தலைமுடி எதுவும் வில்லின் மேல் விழாதபடி கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பின்னால் வரட்டும். அம்புகள் இன்னும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வில்லின் முன்பக்கத்தைத் தரையில் ஊன்றி, வளையத்துக்குள் பாதத்தை முழுவதும் நுழைத்து வையுங்கள். கால்விரல் மட்டும் நுழைந்தால் இழுக்கும்போது வழுக்கும். வழுக்கினால் வில்லின் கட்டை நேராக உங்கள் முகத்துக்கு எழும்பி வரும். தரை சமமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஓடு பதித்த வழவழப்பான தரையில் ஒரு ரப்பர் பாயை விரித்து ஊன்றுங்கள்.

இப்போது கயிறு. காக்கிங் கயிறு என்பது இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் இரண்டு கொக்கிகள் உள்ள கயிறு. கயிற்றின் நடுப்பகுதியைக் கட்டையில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் மாட்டி, கொக்கிகளை நாணில், ரெயிலை ஒட்டி இரு பக்கமும் மாட்ட வேண்டும். ரெயில் என்பது அம்பு படுத்திருக்கும் அந்த நீளத் தண்டு. இந்தக் கயிறு கப்பி போல வேலை செய்து தேவைப்படும் பலத்தை ஏறக்குறைய பாதியாக்கும். வெறுங்கையால் ஏற்றுவதில் ஒரு பெருமை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வலதுகைப் பழக்கம் உள்ளவர் வெறுங்கையால் இழுத்தால் நாண் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக வந்து உட்காரும், அம்பும் பக்கவாட்டில் விலகும். கயிறு இருபுறமும் சமமாக இழுக்கும் என்பதால் குறியும் சீராகும். கூடுதலாக ஒன்று செய்யலாம்: நாண் ஏறாமல் இருக்கும்போது ரெயிலின் இரு ஓரத்திலும் நாணின் சுற்றுநூலில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஏற்றிய பிறகு அந்தப் புள்ளிகள் அதே மாதிரி ரெயிலின் ஓரங்களில் நிற்கிறதா என்று பார்த்தால் நாண் நடுவில் இருப்பது தெரிந்துவிடும்.

முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, கைப்பிடிகளைப் பிடித்துக் காலின் பலத்தால் எழுங்கள். முகத்தை வில்லுக்கு நேர்மேலே கொண்டுபோகாமல் சற்றுப் பின்னால் வையுங்கள். ஒரே மூச்சில் இழுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். கொக்கி விழுந்த ‘கிளிக்’ சத்தம் கேட்கும். சத்தம் கேட்டதும் உடனே விட்டுவிடாமல், கயிற்றை மெல்லத் தளர்த்தி நாண் நிஜமாகவே பிடிபட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பல வில்களில் நாண் ஏறியதும் சேஃப்டி, அதாவது ட்ரிகரை அழுத்த முடியாமல் தடுக்கும் பூட்டு, தானாக விழும். விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். இந்த நேரம் முழுவதும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே.

இழுக்க முடியவில்லை என்றால்? மெல்ல முன்னே விட்டுவிட்டு ஓய்வெடுங்கள். இன்னொருவரைக் கூட்டி வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பது மிக மோசமான யோசனை. கைப்பிடியைச் சுற்றி இழுக்கும் கிராங்க் பொருத்தக்கூடிய வில் என்றால் அதை வாங்கலாம். இல்லையென்றால் அந்த வில் உங்களுக்கு அதிகம்.

அம்பு, கட்டைவிரல், ட்ரிகர்

எய்யும் கோட்டில், இலக்கை நோக்கி நின்ற பிறகுதான் அம்பை வைக்க வேண்டும். மூன்று இறகுகளில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும். பெரும்பாலான வில்களில் அது ரெயிலின் பள்ளத்துக்குள், கீழ்நோக்கி வர வேண்டும். அம்பை மேலே இருக்கும் பிடிகம்பிக்கு அடியில் நுழைத்து, நாக் நாணைத் தொடும் வரை பின்னால் தள்ளுங்கள். தொட்டால் போதாது, இடைவெளியே இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் நாண் முதலில் வெறுமையில் பாய்ந்து அப்புறம் அம்பை மோதும். விரல்கள் நாண் பாயும் பாதையில் வராமல் அம்பின் தண்டைப் பிடித்து வையுங்கள்.

இனி கட்டைவிரல். முன்கையால் வில்லைத் தாங்கும்போது கட்டைவிரல் இயல்பாகவே மேலே ஏறி ரெயிலின் ஓரத்தில் உட்காரப் பார்க்கும். நாண் பாய்வது அந்த ரெயிலின் மேலேதான். விரல் நுனியை இழந்தவர்கள் உண்டு. நான் சொல்லிக்கொடுக்கும்போது, அம்பு இல்லாமல், நாண் ஏற்றாமல், முதல் அரை மணி நேரம் இந்தப் பிடியை மட்டுமே பழகச் சொல்வேன். உள்ளங்கையைத் தட்டாக விரித்து அதன் மேல் வில்லை வையுங்கள், நான்கு விரலும் கட்டைவிரலும் ரெயிலுக்குக் கீழே இருக்கட்டும். புதிய மாடல்கள் பலவற்றில் பிடியின் ஓரத்தில் இறக்கை மாதிரி தடுப்பு வைத்திருக்கிறார்கள். உங்களுடையதில் இல்லையென்றால் தோளில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஸ்கோப்புக்குப் போக வேண்டும். நான் வாய்விட்டே “விரல்” என்று சொல்லிக்கொள்வேன். இன்றுவரை சொல்கிறேன்.

லிம்புகள் நாண் விடுபட்டதும் வெளிப்பக்கமாக விசிறி நிமிரும். மேசை விளிம்பு, ஜன்னல் சட்டம், மரக்கிளை, உங்கள் முழங்கால் எதுவும் அவற்றின் வீச்சுக்குள் இருக்கக்கூடாது. உட்கார்ந்து எய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எல்லாம் சரி என்றால் சேஃப்டியை விலக்கி, விரலை அப்போதுதான் ட்ரிகருக்குக் கொண்டுபோய், மெல்ல அழுத்துங்கள்.

ஒரே புள்ளியில் அடுத்தடுத்து எய்ய ஆசை வரும். குறுக்குவில் துல்லியமானது என்பதால் இரண்டாவது அம்பு முதல் அம்பின் வாலிலேயே போய் மோதி இரண்டும் வீணாகும். இலக்கில் ஐந்தாறு குறிகளை வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு என்று பழகுங்கள்.

அம்பில்லாமல் நாண் பாய்ந்தால்

இதை டிரை ஃபயர் என்பார்கள். அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பினால் நாண் அறும், லிம்ப் பிளக்கும், சக்கரம் உடையும். எனக்கு இது நேர்ந்திருக்கிறது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய ரிகர்வ் வில். நாணை ஏற்றிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனேன். சேஃப்டி போட்டிருந்தேன். பார்க்க வந்திருந்த நண்பர் அதைக் கையில் எடுத்து, எடை எப்படி இருக்கிறது என்று தோளில் வைத்துப் பார்த்து, சேஃப்டி என்று தெரியாமலே அந்தப் பொத்தானைத் தள்ளி, ட்ரிகரை அழுத்திவிட்டார். வீட்டுக்குள் பலகை முறிந்த மாதிரி ஒரு சத்தம். நாண் அறுந்து, ஒரு லிம்பின் முனை பிளந்து, அதன் துண்டு ஒன்று சுவரில் போய்ப் பட்டது. அவர் முகத்தில் பட்டிருக்க வேண்டியது. நண்பர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஏற்றிய வில்லை வைத்துவிட்டு நகர்ந்தவன் நான். வாசலில் கூப்பிட்டால் காத்திருக்கட்டும் என்று எய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதற்குப் பத்து நொடிகூட ஆகியிருக்காது.

இப்போதைய வில்கள் பலவற்றில் டிரை ஃபயர் தடுப்பான் இருக்கிறது. அம்பு சரியான இடத்தில் உட்கார்ந்தால் மட்டும் விலகி வழிவிடும் ஒரு சின்ன நெம்பு அது. அம்பு இல்லாமல் ட்ரிகரை அழுத்தினால் நாணைச் சற்று முன்னாலேயே பிடித்துவிடும். அப்படிப் பிடித்துவிட்டால் பதற வேண்டாம், நாணைக் கையால் தொடவும் வேண்டாம். காக்கிங் கயிற்றை மாட்டி, நாணை மறுபடி பின்னால் இழுத்துக் கொக்கியில் ஏற்றி, சேஃப்டி போட்டு, அம்பு வைத்து இலக்கில் எய்துவிடுங்கள். தடுப்பான் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் ட்ரிகரை அழுத்தாதீர்கள். அது காப்பாற்றத் தவறினால் தெரியவரும் விதம் நன்றாக இருக்காது.

அம்பு வைத்தும் ட்ரிகர் அழுத்தவே வரவில்லை என்றால், வில்லை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு சேஃப்டியைத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் அம்பு முழுதாகப் பின்னால் போகாமல் இருக்கும். முன்பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இறக்குவது

கடைசி அம்பையும் எய்துவிட்டால் நாண் தானாக இறங்கிவிட்டது, வேலை முடிந்தது. பிரச்சினை, ஏற்றிய பிறகு எய்ய முடியாமல் போகும்போது. மழை வந்துவிட்டது, இருட்டிவிட்டது, யாரோ தோட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். கயிற்றை மாட்டிக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தி மெல்ல விட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். 70 கிலோ இழுப்பை ஒரு கையால் தாங்க முடியாது, கைப்பிடி பறந்துவிடும். கிராங்க் வைத்து இறக்கும் வசதியுள்ள மாடல்கள் உண்டு. கையேட்டில் அப்படித் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் அந்த முறைப்படி செய்யுங்கள். மற்ற எல்லா வில்லுக்கும் ஒரே வழி, ஒரு அம்பை இலக்கில் எய்து இறக்குவது. இதற்கென்றே மழுங்கிய முனையுள்ள கனமான அம்பு கிடைக்கிறது. அதில் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தோட்டத்து மண்ணில் எய்து இறக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கல் போதும், அம்பு எந்தப் பக்கமும் தெறிக்கும். இலக்கில்தான் எய்ய வேண்டும்.

தோட்டத்துக்குள் ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது? சேஃப்டி போட்டு, அம்பை எடுத்துவிட்டு, வில்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதன் முன்பக்கம் தரையை நோக்கி இருக்கும்படி நில்லுங்கள். அவர் போன பிறகு எய்து இறக்குங்கள். மேசையில் வைக்க வேண்டாம்.

அம்பைப் பிடுங்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. வில்லை நாண் ஏறாமல் கீழே வைத்துவிட்டுத்தான் எல்லோரும் இலக்குக்குப் போக வேண்டும். இலக்கின் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் பலகையை அழுத்திப் பிடித்து, மறு கையால் அம்பை ஃபோமுக்கு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திடீரென்று விடுபட்ட அம்பின் வால் பின்னால் நிற்பவரின் வயிற்றிலோ கண்ணிலோ குத்தும், அதனால் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. பிடுங்கியதும் எண்ணுங்கள். ஆறு எடுத்துப் போனால் ஆறு திரும்ப வேண்டும். புல்லுக்குள் நுழைந்துபோன ஒரு அம்பைத் தேடாமல் விட்டால், பிறகு புல்வெட்டும் இயந்திரமோ ஒரு வெறுங்காலோ அதைக் கண்டுபிடிக்கும்.

காயம் பட்டால் சுருக்கமாக: வெட்டு என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். அம்பு உடலில் தைத்திருந்தால் பிடுங்காதீர்கள். அசையாமல் இருக்கும்படி சுற்றித் தாங்கல் கொடுத்து அவசர உதவியை அழையுங்கள். மது அருந்தியவர், தூக்க மாத்திரை எடுத்தவர் அன்று வில்லைத் தொடக்கூடாது.

வைக்கும் முன்

நாணின் இழைகளில் மெழுகு தேய்த்து விரலால் சூடேற உருவிவிடுங்கள். நடுவில் நூல் சுற்றிய பகுதிக்கு மெழுகு வேண்டாம், அங்கேயும் ரெயிலிலும் ரெயிலுக்கான எண்ணெய் ஒரு துளி, மெல்லிய படலமாக. எத்தனை அம்புக்கு ஒருமுறை என்று கையேட்டில் இருக்கும். ட்ரிகர் பெட்டிக்குள் சமையலறை எண்ணெயை விடாதீர்கள், பிசுபிசுத்து தூசு பிடித்துக் கொக்கி சரியாக விழாமல் போய்விடும்.

வெயிலில் நிற்கும் காரில் வில்லை விட்டால் சூட்டில் லிம்பின் ஒட்டுகள் இளகும், நாண் நீளும். வெப்பம் அடையும் பரணும் அப்படித்தான். நாணைப் பிடித்து ஆணியில் தொங்கவிடுவதும் கூடாது. சுவரில் அழகுக்கு மாட்டி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் வில்லை, வீட்டுக்கு வருகிற யாராவது ஒருவர் எடுத்துத்தான் பார்ப்பார்.

கெட்டியான பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. ஏற்றவில்லை என்பதைக் கையால் நாணைத் தொட்டு உறுதி செய்துவிட்டு மூடுங்கள். காக்கிங் கயிற்றை வில்லோடு வைக்காமல் அம்புகளோடு வையுங்கள். கயிறு இல்லாமல் ஒரு சிறுவனால் 150 பவுண்டு நாணை ஏற்றுவது கடினம். அம்புப் பெட்டி வேறு அறையில், வேறு பூட்டில். எங்கள் வீட்டில் இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் இருப்பதில்லை. ஒன்று என் அலமாரியில், இன்னொன்று எங்கே என்று என் மனைவிக்கு மட்டும் தெரியும். எய்யப் போகும் ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவளும் முதலில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.